பபியின் கடைசி வரிக்கணக்கு

பெப்ரவரி 17, சனி

பபி, உன்னோடு இனிச் சத்தமாகக் கதைக்க முடியாது. நேற்றுச் சமையலறையில் நின்று உனக்கு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். மேல் வீட்டு ஜெசிந்தா அக்கா படியில் நின்று எட்டிப் பார்த்து, "ஆரோட கதைக்கிறாய் யோகம்?" என்று கேட்டார். போனில் என்றேன். போன் மற்றப் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு ஏறிப் போனார். வீட்டுக்காரி அவர்தான், பயந்தால் இந்தக் கீழ் பேஸ்மன்றை விட்டு என்னை எழுப்பிவிடுவார் அல்லவா. அதனால் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை பிடிக்காதே.

இன்று உடுப்புத் தோய்த்தேன். கத்தரிக்காய் வாங்கினேன், விலை கூட. உன் பெயருக்கு அரசாங்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மற்றக் கடிதங்களோடு உன் கட்டிலில் வைத்தேன். உடைக்கவில்லை. என்ர கடிதங்களை உடைக்கப்படாது அம்மா என்று நீ சொல்லியிருக்கிறாய்.

உன் அறைக் கதவுக்குப் பின்னால் ஒரு கடைப் பை கொழுவியிருக்கிறது. அதற்குள் பில்கள். பசை, பெயின்ற், வண்ணத்தாள், பஞ்சு, வகுப்புப் பிள்ளைகளுக்கு என்று உன் காசில் வாங்கியவை. போன மார்ச் மாதம் வரிக்கணக்கு அனுப்பிய பிறகுதான் உனக்கு அது தெரியவந்தது. தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாய். "அம்மா, எங்களை மாதிரிச் சின்னப்பிள்ளையளுக்குப் படிப்பிக்கிற ஈ.சி.ஈ. ஆக்களுக்கு ஒரு சலுகை இருக்காம். வகுப்புக்கெண்டு கைக்காசில வாங்கினதில ஒரு பங்கு திருப்பித் தருவினம். படிச்சு சேர்ட்டிபிக்கற் எடுத்தவைக்கு மட்டும்தான். அடுத்த முறை கட்டாயம் போடவேணும்."

மட்டும்தான் என்று சொல்லும்போது உன் முகத்தில் இருந்த பெருமை எனக்கு இப்போதும் தெரிகிறது. அன்றைக்கே அந்தப் பையைக் கொழுவினாய். இதுதான் அந்த அடுத்த முறை.

பெப்ரவரி 21, புதன்

டேகெயாரில் நீ படிப்பித்த பிள்ளைகளுக்கு மதியத்துக்கு மக்கரோனி சமைத்தேன். ஒரு பெரிய சட்டி அடிப்பிடித்துவிட்டது. உன் வகுப்பு லியாம் என்னுடைய சமையலறைக் கதவில் வந்து நின்று, மிஸ் நிரோ எப்போது வருவார் என்று உன்னைத்தான் கேட்டான். அவனுக்கு மற்ற ரீச்சர்மார் சொல்லித்தான் இருக்கிறார்கள். வாழைப்பழம் கொடுத்தேன். போய்விட்டான்.

பொறுப்பாளர் டோனா போன வருடத்துச் சம்பளத் தாளைக் கவரில் வைத்துத் தந்தார். எனக்கு ஒன்று. பிறகு மேசை லாச்சியைத் திறந்து இன்னொன்றை எடுத்து, கொஞ்சம் யோசித்து, அதையும் என் கையில் வைத்தார். அதில் உன் பெயர்.

பெப்ரவரி 24, சனி

நான்தான் உன் கணக்கைச் செய்விக்க வேண்டும். எங்கே, எப்படி என்று தெரியாது. என்னுடையதையும் நீதானே செய்தாய்.

ஜெசிந்தா அக்காவிடம் கேட்டேன். சமூக நிலையத்தில் மார்ச் மாதம் சனிக்கிழமைகளில் வரிக்கணக்கு இலவசமாகச் செய்து கொடுக்கிறார்களாம். வருமானம் குறைந்தவர்களுக்கு மட்டும். தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கிறார்களாம்.

"பபியின்ரயும் செய்வினமோ அக்கா?"

"செத்தவையின்ர அங்க எடுக்கமாட்டினம். என்ர மச்சானின்ரயைக் கொண்டுபோகத் திருப்பி அனுப்பினவை. பிறகு காசு குடுத்துத்தான் செய்வித்தது."

"அப்ப என்ன செய்யிறது?"

"சொல்லாதை. பிள்ளை வேலைக்குப் போட்டுது எண்டு சொல்லு. கடதாசியளைக் குடு. ஆருக்குத் தெரியப்போகுது?"

"பாவமெல்லோ?"

"அரசாங்கத்துக்குச் சொல்லாமல் விடுறது பாவமெண்டா, உன்ர வாடகைக்கு நான் எப்பவோ நரகத்தில நிக்கவேணும்," என்று சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டார்.

நான் சிரித்துவிட்டேன். எவ்வளவு நாளுக்குப் பிறகு.

செத்தவீடு நடந்த மலர்ச்சாலைக்காரர் அன்றைக்கு ஒரு பெரிய கவர் தந்தவர். அதற்குள் மரணச் சான்றிதழோடு அரசாங்கத்துக்கு அறிவிக்கிற படிவமும் இருக்கிறது, நிரப்பி அனுப்புங்கள் என்றவர். கவர் இன்னும் ஒட்டினபடி அலுமாரிக்கு மேலே இருக்கிறது. அதைப் பிறகு பார்க்கலாம்.

மார்ச் 2, சனி

காலையிலேயே போய்விட்டேன். இலக்கம் தந்து கதிரையில் இருத்தினார்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு சீனக் கிழவர் செருப்புப் பெட்டி நிறையக் கடதாசி வைத்திருந்தார். நான் உன் பையும், தலையணை உறையில் சுற்றிய உன் சேர்ட்டிபிக்கற்றும் வைத்திருந்தேன்.

என்னைக் கூப்பிட்டது மயூரதி என்று ஒரு பிள்ளை. உன்னை விட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். பகலில் வங்கியில் வேலையாம், சனிக்கிழமைகளில் இங்கே சும்மா வந்து செய்கிறாளாம். தலையணை உறையை அவிழ்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அன்ரி, ஃபிரேமோடயோ கொண்டு வந்தனீங்கள்?"

"சுவரில இருந்தது. கழட்டத் தெரியேல்ல."

"பஸ்ஸிலயோ?"

"மடியில வச்சுக்கொண்டு வந்தனான்."

என்னுடையது கொஞ்ச நேரத்தில் முடிந்தது. விதவை என்று ஒரு பெட்டியில் தட்டினாள். பிறகு உன்னுடையதை எடுத்தாள்.

"மகள் வரேல்லையோ?"

"வேலை."

"சனிக்கிழமையுமோ?"

"ஓம். சனிக்கிழமையும்."

"பாவம். டிசம்பர் முப்பத்தொண்டு அண்டைக்கு அவ ஒன்ராறியோவிலதானே இருந்தவ?"

அந்த நாளை ஏன் கேட்கிறாள் என்று நினைத்தேன். எல்லோரிடமும் அதைத்தான் கேட்பார்களாம், பிறகு சொன்னாள். நீ போனது முப்பத்தொன்று. ஆனால் ஒன்ராறியோவில்தானே போனாய். ஓம் என்றேன். அரைப் பொய்.

பில்களை ஒவ்வொன்றாக நிமிர்த்திப் பார்த்தாள். நீ ஒவ்வொன்றின் பின்னாலும் எந்த மாதம், எந்த வேலைக்கு என்று பென்சிலால் எழுதியிருக்கிறாய். "எவ்வளவு ஒழுங்கா வச்சிருக்கிறா! நான் என்ர கடைப் பில்லை வாசலிலயே எறிஞ்சுபோட்டு வருவன். உங்கட மகள் வலு கெட்டிக்காரி அன்ரி."

"ஓம் தங்கச்சி. கெட்டிக்காரி."

பார்த்தாயா பபி. வச்சிருக்கிறா என்றாள். இந்த இரண்டு மாதமாக எல்லோரும் இருந்தா, செய்தா, சிரிச்சா என்றுதான் சொல்கிறார்கள்.

கணக்கைத் தட்டி வைத்திருக்கிறாள். ஆனால் நீ வந்து கையெழுத்து வைத்தால்தான் அனுப்பலாமாம். அடுத்த சனி கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள். நீ இந்தச் சாமான்களை வகுப்புக்குத்தான் வாங்கினாய், அவர்கள் அதற்குக் காசு தரவில்லை என்று டேகெயாரில் ஒரு கடிதமும் வாங்கி வைக்கட்டாம்.

வருவாள் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 3, ஞாயிறு

கறிக்கு உப்புப் போட மறந்தேன். அப்படியே சாப்பிட்டேன்.

மார்ச் 6, புதன்

டோனாவிடம் கடிதம் கேட்டேன். உடனேயே இருந்து அடித்துத் தந்தார். எனக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். உன் பெயர் தெரிந்தது. கடைசி வரியில் டிசம்பர் 31 என்று தெரிந்தது. அது என்ன என்று கேட்டேன். நிரோஜினி காலமாகும் வரை இங்கே வேலை செய்தார் என்று எழுதியிருக்கிறேன் என்றார். திகதியை அவர்கள் நடைவழியில் உன் படத்துக்குக் கீழே போட்டிருக்கிறார்கள். நான் சொன்ன திகதிதான். மரண அறிவித்தலிலும் அதைத்தான் போட்டோம்.

அந்த வரி இல்லாமல் எழுத முடியாதா என்றேன், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். டோனா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "யோகா, நான் வேறு எதை எழுத?" என்றார். கோபமாக இல்லை.

ஜெசிந்தா அக்காவிடம் காட்டினேன். "கீழ் வரிக்கு மேல ஒரு வெள்ளைக் கடதாசியை வச்சுக் கொப்பி எடு. உது பெரிய வேலையே?" என்றார். பிறகு அவரே, "வேண்டாம் விடு. உனக்குக் கை நடுங்கும்," என்றார்.

மார்ச் 9, சனி

போகவில்லை. மழை. ஃபிரிட்ஜைக் கழுவினேன். மத்தியானம் மழை விட்டுவிட்டது. அதற்குப் பிறகும் போகவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

மயூரதியிடமிருந்து போன் வந்தது. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அன்ரி, சனிக்கிழமை பாத்துக்கொண்டிருந்தனான். மகள் வரேல்லையே?"

"காய்ச்சல் தங்கச்சி." அது தானாக வந்துவிட்டது.

"ஐயோ. இந்த முறைக் காய்ச்சல் பொல்லாதது. தண்ணி நல்லாக் குடிக்கச் சொல்லுங்கோ. வேலைக்கு விடாதேங்கோ. கெதியாச் சுகம் வரட்டும், என்ன?"

"ஓம் தங்கச்சி."

"இந்தச் சனி விட்டா அடுத்த சனிதான் கடைசி. அவவுக்கு நடக்க ஏலாட்டி, போனிலயாவது நான் ஒருக்காக் கதைக்கவேணும்."

வைத்துவிட்டு ஈரக் கையோடு கதிரையில் இருந்தேன். உனக்கும் காய்ச்சலில்தானே தொடங்கியது. நானும் அன்றைக்குத் தண்ணீர் குடி, கெதியாச் சுகம் வரும் என்றுதான் சொன்னேன். முகம் தெரியாத ஒருத்தி உனக்குச் சுகம் வரட்டும் என்று சொல்கிறாள். நான் ஓம் என்கிறேன்.

இது சரியில்லை பபி. கடிதம் உன் பெயருக்கு வருவது எனக்கு விருப்பம். தபால்காரர் உன் பெயரைப் பார்த்துப் போடுகிறார். அதுக்காக அந்தப் பிள்ளையை ஏமாற்றக்கூடாது.

மார்ச் 16, சனி

அலுமாரிக்கு மேலிருந்து மலர்ச்சாலைக் கவரை எடுத்தேன். உடைக்காமலே கொண்டுபோனேன். டோனாவின் கடிதத்தையும் கொண்டுபோனேன்.

மயூரதி என்னைக் கண்டதும் எனக்குப் பின்னால் பார்த்தாள். பிறகு கதவைப் பார்த்தாள்.

"தனியவோ வந்தனீங்கள்? இன்னும் சுகமில்லையோ?"

"பிள்ளை இல்லைத் தங்கச்சி. மோசம் போட்டுது. நான் உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டன்."

விளங்கவில்லை அவளுக்கு. கவரை மேசையில் வைத்தேன். அதன் மேலிருந்த மலர்ச்சாலையின் பெயரை வாசித்தாள். பிறகு கோபம் வந்தது.

"அன்ரி, அண்டைக்கு நான் கையெழுத்துக் கேக்காமல் அனுப்பியிருந்தா என்ன நடந்திருக்கும்? இல்லாத ஆளின்ரயை இருக்கிற ஆள் மாதிரி அனுப்பினது எண்டு என்னையெல்லோ பிடிப்பினம்? இனி இந்தப் பக்கம் வரவே விடமாட்டினம்."

"ஓம். பிழைதான்."

"காய்ச்சலெண்டு சொன்னீங்கள். நான் வீட்டை போய் அம்மாட்டையும் சொன்னனான். பாவம், காய்ச்சலாக் கிடக்குதாம் எண்டு."

பக்கத்து மேசைக்காரர் தலையைத் திருப்பிப் பார்த்தார். மயூரதி தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் குடித்தாள். பிறகு அதே போத்தலை என் பக்கம் தள்ளினாள். நான் குடிக்கவில்லை, ஆனால் கையில் பிடித்திருந்தேன்.

"எப்ப அன்ரி?"

"டிசம்பர் முப்பத்தொண்டு."

அவள் கவரை உடைத்தாள். வாசித்தாள். திரும்ப வாசித்தாள்.

"இதில ஜனவரி ஒண்டு எண்டெல்லோ கிடக்கு?"

"இல்லை. முப்பத்தொண்டு ராத்திரி."

"எத்தினை மணிக்கு?"

"நாலு மணி இருக்கும். விடியேல்ல. விடிய முதல் போனா அது முதல்நாள்தானே தங்கச்சி. ஐயரும் அதைத்தான் சொன்னவர்."

"இந்த நாட்டில பன்னிரண்டு மணியோட விடிஞ்சிடும் அன்ரி."

அவள் தாளை மடித்துக் கவருக்குள் வைத்தாள். பிறகு பேசினாள், இப்போது மெதுவாக. "அப்பிடியெண்டா முப்பத்தொண்டு முழுக்க அவ இருந்திருக்கிறா. நான் அண்டைக்குக் கேட்டதுக்கு நீங்கள் சொன்னது பொய்யில்லை. போன வருசம் ஒரு நாளும் குறையாமல் அவவின்ர. அவ உழைச்சது, அவ வாங்கினது, எல்லாம். அந்தச் சலுகையையும் அவவின்ர பேரில கேக்கலாம்."

"அப்ப செய்வியளோ?"

"இங்க ஏலாது. காலமான ஆக்களின்ரயை நாங்கள் தொடப்படாது, அது எங்களுக்குச் சொன்ன விதி. ஆனா உங்களுக்கு இன்னும் நாள் கிடக்கு. போனதில இருந்து ஆறு மாதம் தருவினம். டேகெயாருக்குக் கணக்குப் பாக்கிற ஆள் ஆரும் இருப்பினமெல்லோ? அவையைக் கேளுங்கோ. இன்னொண்டு. இந்த வருசத்துக்கும் அவவுக்கு ஒரு கணக்கு வரலாம், கடைசிச் சம்பளம் ஜனவரியில விழுந்திருந்தா."

"ஒரு நாளைக்கோ?"

"ஓம். ஒரு நாளைக்கு."

தட்டி வைத்திருந்ததை என் கண்ணுக்கு முன்னால் அழித்தாள். போகும்போது ஃபிரேமைத் தானே தலையணை உறையில் சுற்றிக் கட்டித் தந்தாள். நான் கட்டினதை விட இறுக்கமாக.

மார்ச் 17, ஞாயிறு

திதி மாறாது. வருடம் முடியச் செய்கிற ஆட்டத்திவசம் அதே நாளில்தான். கடதாசியில் மட்டும் உனக்கு ஒரு நாள் கூடியிருக்கிறது. நான் அந்த நாளை உன்னிடமிருந்து எடுத்துவிட்டு, முப்பத்தொன்று என்று அறிவித்தலில் போட்டு, டோனாவுக்கும் சொல்லியிருக்கிறேன்.

முப்பத்தொன்று பின்னேரம் நீ இரண்டு கரண்டி ஜெலி சாப்பிட்டாய். சிவப்பு நிற ஜெலி. மூன்றாவது கரண்டிக்கு வேண்டாம் என்று கையைக் காட்டினாய்.

மார்ச் 18, திங்கள்

டோனாவிடம் திகதி பிழை என்று சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை. ஏணி கொண்டுவந்து படத்துக்குக் கீழே இருந்ததை உரித்து, புதிதாக அடித்து ஒட்டினார், எனக்குத் தந்த கடிதத்தையும் மாற்றி அடித்துத் தந்தார். கணக்குப் பார்க்கிற இம்தியாஸ் ஏப்ரல் முதல் வெள்ளி வருவாராம், அவரிடம் தான் சொல்லி வைப்பதாகச் சொன்னார். கல்முனைக்காரர், தமிழில் கதைக்கலாம்.

இன்று சூப்புக்குக் கரட் வெட்டியது போதவில்லை. கடைசி மேசைக்குத் தண்ணீராகத்தான் போனது.

மார்ச் 24, ஞாயிறு

அரசாங்கத்துக்கு அறிவிக்கிற படிவத்தை ஜெசிந்தா அக்கா நிரப்பினார். என் சமையல் மேசையில் இருந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தடிமனாம். எழுத்து அழகாக இருக்கிறது, கொன்வென்றில் படித்தவர். நான் கையெழுத்து வைத்தேன். முத்திரை அவர் தந்தார்.

"வாடகையில பிடிப்பன்," என்றார்.

"எந்த வாடகை? நீங்கள் அரசாங்கத்துக்குச் சொல்லாததோ?"

"பார், வாய் வந்திட்டுது இவளுக்கு!"

தபால்பெட்டியில் போடும்போது கை பெட்டிக்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றது. பின்னால் ஒரு பொடிச்சி நாயோடு வந்து காத்து நின்றாள். விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

பிள்ளைகள் நித்திரை கொள்ளும் நேரத்தில் இம்தியாஸ் சமையலறைக்கு வந்தார். மடிக்கணினியை வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தார். தேத்தண்ணீர் வேண்டாம், நோன்பு என்றார். நான் அடுப்பை நிற்பாட்டிவிட்டு இருந்தேன், மணம் வரக்கூடாது என்று.

சம்பளத் தாள், மரணச் சான்றிதழ், டோனாவின் புதுக் கடிதம், எல்லாம் பார்த்தார். படித்ததற்கு அத்தாட்சி கேட்டார். சேர்ட்டிபிக்கற்றை ஃபிரேமோடு கொடுத்தேன். அவர் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டுப் படம் எடுத்தார்.

பிறகு பில்கள். ஒவ்வொன்றாக எனக்கு வாசித்துச் சொன்னார். பெயின்ற், சரி. பசை, சரி. புதிர்ப் பெட்டி, சரி. கதைப் புத்தகங்கள், சரி. சாமான் போட்டு வைக்கிற வாளிகள், அதுவும் சரியாம். நீ பென்சிலால் எழுதினதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சுணங்காம முடியுது அக்கா, புள்ள எனக்கு வேலை வைக்கல்ல," என்றார்.

கடைசியில் ஒன்றைத் தூக்கிப் பிடித்தார்.

"இது என்ன அக்கா? நவம்பர் மாசம். பின்னுக்கு ஒண்டும் எழுதல்ல."

"என்ன போட்டிருக்கு?"

"பனிச் சப்பாத்து. ஒரு சோடி. சின்னப் பிள்ளைட அளவு, பதினொண்டு."

எனக்குத் தெரியாது. நம் வீட்டில் ஏது சின்னப் பிள்ளை. அவர் டோனாவைக் கூப்பிட்டுக் கேட்டார். டோனா வாசலில் நின்று வெகுநேரம் யோசித்தார். நவம்பரில் முதல் பனி கொட்டினபோது துணிச் சப்பாத்தோடு வந்த பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் இருந்தார்கள், ஒரு குடும்பம் அப்போதுதான் நாட்டுக்கு வந்தது, இன்னொன்றுக்குத் தாய்க்கு வேலை போனது, யாருக்கு என்று தனக்குத் தெரியாது, நிரோ தன்னிடம் சொல்லவில்லை என்றார்.

"இதப் போட ஏலாது அக்கா," என்றார் இம்தியாஸ். "படிப்பிக்கிற சாமான் மட்டும்தான். சப்பாத்து அதுக்குள்ள வராது."

"வேண்டாம். போடவேண்டாம்."

அந்த ஒன்றை மட்டும் என்னிடம் திருப்பித் தந்தார். மற்றதெல்லாம் கணக்கில் ஏறிவிட்டது. நீ கேட்கவேண்டும் என்று சொன்னதை உன் பெயரிலேயே கேட்டாயிற்று. கையெழுத்து வைக்கிற இடத்தில் என் பெயரை எழுதச் சொன்னார். பக்கத்தில் நான் உனக்கு என்ன உறவு என்று தானே ஆங்கிலத்தில் எழுதினார். இனி வருகிற கடிதங்களில் உன் பெயருக்கு முன்னால் காலமானவர் என்று போட்டு, என் விலாசத்துக்கு வருமாம். சரி என்றேன்.

அவர் போன பிறகு நடைவழிக்குப் போனேன். பிள்ளைகளின் பனிச் சப்பாத்துகள் சுவரோரம் வரிசையாக இருந்தன. பனி போனாலும் வெளியே சேறு, இன்னும் அதைத்தான் போட்டுக்கொண்டு வருகிறார்கள். குந்தியிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பி அடியைப் பார்த்தேன். பதினொன்று என்று நாலைந்து சோடி இருந்தது. நீலம், கறுப்பு, பூப் போட்டது ஒன்று. எல்லாம் ஒரே மாதிரித் தேய்ந்திருந்தது. பெயர் எழுதின துணித் துண்டு எல்லாவற்றிலும் தாய்மார் தைத்ததுதான். நீ வாங்கினது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது.

லியாம் நித்திரையால் எழும்பி வந்து, என்ன செய்கிறாய் என்று கேட்டான். சேறு துடைக்கிறேன் என்றேன். தன்னுடையதையும் துடைக்கச் சொன்னான். துடைத்தேன். அவனுடையது பன்னிரண்டு.

இந்த வயதில் கால் சட்டென்று வளர்ந்துவிடும். வருகிற பனிக்கு அந்தப் பிள்ளைக்கு அந்தச் சப்பாத்துக் காணாது, பெரிது ஒன்று வேண்டும். நான் வாங்குவேன். யாருக்கு என்று மட்டும் தெரிந்தால் போதும். அந்தக் கால் எந்தப் பிள்ளையுடையது, பபி?